ஏரிக்கரைக்கு ஒரு பேய் வேண்டுமாம்!

ஆடி மாதத்தில் ஒரு நாள் பிற்பகல். உண்ட களைப்பில் சற்றுக் கண்ணயரலாம் என்று நான் பாயை உதறிப் போட்ட சமயம் பார்த்து, மூன்று பிள்ளைகள் வாசலில் வந்து நின்றார்கள். சென்னையில் சினிமாக் கலை பயிலுகிறவர்கள். கடைசி வருஷத்துப் பரீட்சைக்காக 20 நிமிஷத்தில் ஒரு படம் எடுத்துக் கொடுக்க வேண்டுமாம்.

"என்ன படம்?" என்றேன்.

"பேய்ப் படம் ஐயா" என்றார்கள் மூவரும் ஒரே குரலில்.

"பேய்க்கு எந்த ஊர்?"

"லால்பேட்டை."

எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது.

மூவரில் ஒருவன் லால்பேட்டைப் பையன். அவனுடைய பாட்டனாரும் நானும் வாலிப வயசில் காட்டுமன்னார்கோயிலில் ஒரே இடத்தில் குமாஸ்தா வேலை பார்த்தவர்கள். அந்த உரிமையில்தான் என்னைத் தேடிச் சிதம்பரத்துக்கு வந்திருந்தான். மற்ற இருவரும் பட்டணத்துப் பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி பெண், அவள்தான் டைரக்டர். அவள் கையில் தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. மேலே 'ஆராய்ச்சி' என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தாள். படத்தின் முதல் 3 நிமிஷத்தை எப்படி அமைப்பது என்பதற்கு மட்டும் 6 வாரம் ஆராய்ச்சி செய்தார்களாம். 41 பேய்ப் படங்களைப் பார்த்திருக்கிறார்கள். முதல் அலறல் எத்தனையாவது நிமிஷத்தில் வருகிறது, விளக்கு என்ன நிறம், காமிரா தரையிலிருந்து எத்தனை அடி உயரம் என்று எல்லாவற்றையும் கட்டம் கட்டமாக எழுதி வைத்திருந்தார்கள். பழைய காலத்து மண்டிக் கணக்குப்பிள்ளை தோற்றுப்போவான்.

அத்தனை ஆராய்ச்சியின் பலனாக உதித்த ஆரம்பக் காட்சி இதுதான். வீராணம் ஏரிக்கரை. நள்ளிரவு. பனிமூட்டம். மோட்டார் சைக்கிளில் ஒருவன் வருகிறான். மையவாடிச் சுவர் ஓரமாக வந்ததும் வண்டி நின்றுவிடுகிறது. தூரத்தில் பள்ளிவாசலின் மினாரா. பாங்கு ஓசையைப் பின்னோக்கி ஓடவிட்டு, அதை ஓர் ஊளைபோலக் கேட்கச் செய்யவேண்டியது. கபுர்களுக்கு நடுவே வெள்ளைத் துணி போர்த்திய ஒரு பெண். திரும்புகிறாள். முகம் இல்லை. அலறல். படத்தின் பெயர்.

"எப்படி ஐயா இருக்கிறது?"

நன்றாக இல்லை என்று சொன்னேன். வீடு தேடி வந்த பிள்ளைகளிடம் அன்றைக்கு மரியாதைக்காகச் சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரித்துச் சொல்ல உத்தேசம். ஏனென்றால் குற்றம் அந்த மூவருடையது மட்டும் அல்ல. கொட்டகையில் கைதட்டிக் கைதட்டி அவர்களுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம். அந்த 'நாம்' என்பதில் நான் முதல் ஆசாமி என்பதையும் மறைக்கப் போவதில்லை. அதைப் பின்னால் சொல்லுகிறேன்.

முதலில் அந்த ஆராய்ச்சியைப் பார்ப்போம். 41 படம் பார்த்தீர்களே, லால்பேட்டைக் கரையில் எத்தனை ராத்திரி நின்றீர்கள் என்று கேட்டேன். ஒன்றுகூட இல்லை. ஊர்க்காரப் பையனைப் பார்த்து, "உங்கள் ஊரில் பனிமூட்டம் ஏதடா?" என்றேன். மார்கழி விடியற்காலையில் ஏதோ கொஞ்சம் இருக்கும். நள்ளிரவில் கரையை மூடிக்கொண்டு நிற்கிற பனி நான் அறிந்து அங்கே இல்லை. "மெஷின் இருக்கிறது ஐயா, புகை விட்டுக்கொள்ளலாம்" என்றான். பயம் வரவேண்டும் என்றால் பனி வேண்டும் என்று யாரோ ஒரு குளிர்தேசத்துக்காரன் தன் ஊரைப் பார்த்துச் செய்தான். அவனுக்கு அது சத்தியம். அதை இவர்கள் வாடகைக்கு மெஷின் எடுத்து வீராணத்தில் ஊதப் போகிறார்கள். இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிகிற கதையாக இல்லையா இது?

அப்புறம் இன்னொன்று கேட்டேன். "சின்ன வயசில் அந்த மையவாடியைக் கண்டு பயந்திருக்கிறாயா?"

யோசித்தான். "இல்லை ஐயா. வெள்ளிக்கிழமை அத்தாவோடு ஜியாரத்துக்குப் போவேன். தாத்தாவை அங்கேதான் அடக்கம் பண்ணியிருக்கிறோம். அங்கே என்ன பயம்?"

கேட்டீர்களா! அவன் பயந்ததில்லை. அவன் தகப்பனார் பயந்ததில்லை. என் பழைய சிநேகிதர் அந்த மண்ணில்தான் நிம்மதியாகப் படுத்திருக்கிறார். ஆனாலும் படம் என்று வந்ததும் அவனுடைய சொந்தப் பேரனே அந்தச் சுவரின்மேல் பயத்தைப் பூச வருகிறான். யாருடைய பயம் அது? அந்த ஊரைப் பஸ் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்தவனுடைய பயம். மினாராவைக் கண்டால் மிரளுகிற அசலூர்க்காரனின் கண்ணை இரவல் வாங்கித் தன் முகத்தில் பொருத்திக்கொண்டிருக்கிறான் இந்தப் பிள்ளை.

லால்பேட்டை என்றால் எனக்கு ஞாபகம் வருவது கொடிக்கால். அந்த ஊர் வெற்றிலைக்காக நான் காட்டுமன்னார்கோயிலிலிருந்து சைக்கிள் மிதித்துக்கொண்டு போனதுண்டு. 1862-இல் தொடங்கி இன்றும் மாணாக்கர்கள் ஓதிக்கொண்டிருக்கிற மன்பவுல் அன்வார் அரபிக் கல்லூரி அங்கே இருக்கிறது. வீட்டுக்கு ஒருவர் கடல் கடந்து போய்ச் சம்பாதிக்கிற ஊர். அந்தப் பிள்ளைகளின் கடிதத்துக்காக ஒரு காலத்தில் தபால்காரரை எதிர்பார்த்துத் திண்ணையில் தாய்மார்கள் காத்திருந்த ஊர். அந்த ஊர் ஜனங்கள் நாள்தோறும் ஐந்து வேளை கேட்கிற பாங்கைத் தலைகீழாக ஓட்டி ஊளையாக்கினால் அதற்குப் பெயர் கலையா? பக்கத்து வீட்டுக்காரனின் பிரார்த்தனையை நரியின் ஊளையாக்கிக் காட்டுவதற்கு இன்றைக்கு நாட்டில் ஆள் பஞ்சமா? அந்த வேலைக்குச் சினிமாக் கல்லூரியில் வேறு படிக்க வேண்டுமா?

நான் இப்படிச் சொன்னதும் டைரக்டர் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. நல்ல பெண், கோபம் வந்தாலும் குரல் உயரவில்லை. "அப்படியானால் எந்த ஊரிலும் பேய்ப் படம் எடுக்கவே கூடாதா ஐயா? 'பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' எடுத்தவர்கள் எங்களைப் போல மாணவர்களாக இருந்தவர்கள்தானே?" என்றாள்.

நியாயமான கேள்வி. 1999-இல் வந்த அந்த அமெரிக்கப் படத்தை நானும் பார்த்திருக்கிறேன். ஃபுளோரிடாவில் பல்கலைக்கழகம் ஒன்றில் சினிமாப் படித்து வெளிவந்த இளைஞர்கள் எடுத்த படம். 1994 அக்டோபரில் மேரிலாண்டு மாகாணத்தில் பர்க்கிட்ஸ்வில் என்ற ஊருக்கு அருகே காட்டுக்குள் படமெடுக்கப் போன மூன்று மாணவர்கள் காணாமற்போனார்கள் என்ற எழுத்தோடு அது ஆரம்பிக்கிறது. பிறகு வருவதெல்லாம் பட்டப்பகல். மாணவர்கள் சிரித்துப் பேசிக்கொள்ளுகிறார்கள். கடைத்தெருவில் போகிறவர் வருகிறவரிடம் மைக்கை நீட்டி, அந்த ஊர்ச் சூனியக்காரியைப் பற்றி விசாரிக்கிறார்கள். பேய் இல்லை, புகை இல்லை. அந்தச் சாமர்த்தியத்தை நான் மெச்சுகிறேன். ஆனால் அதன் பிறகு நடந்ததையும் சேர்த்துத்தானே படிக்க வேண்டும்? காணாமற்போனவர்கள் கற்பனை. சூனியக்காரி கற்பனை. ஊரின் பெயர் மட்டும் நிஜம். படம் பார்த்தவர்கள் அந்தச் சின்னஞ்சிறு ஊரைத் தேடிக்கொண்டு கும்பலாகப் போனார்கள். ஊர்ப் பெயர்ப் பலகையைத் திருடிக்கொண்டு போனார்கள். 200 பேர்கூட இல்லாத ஊர் அது. படம் எடுத்தவர்களுக்குப் பணமும் புகழும் கிடைத்தன. ஊருக்கு என்ன கிடைத்தது?

அவ்வளவு தூரம் போவானேன்? நம் தனுஷ்கோடி இருக்கிறது. 1964 டிசம்பரில் அடித்த புயலில் ரயிலும் ஊரும் கடலோடு போயின. இன்றைக்கு அங்கே போகிற உல்லாசப் பிரயாணிகளுக்கு அது 'பேய் நகரம்'. இடிந்த மாதாகோயிலின் முன் நின்று படம் பிடித்துக்கொள்ளுகிறார்கள். அதே மணலில் குடிசை போட்டு வலை உலர்த்துகிற மீனவக் குடும்பங்கள் அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. பேய் என்ற சொல்லை ஓர் ஊரின்மேல் ஒட்டிவிட்டால், அங்கே உயிரோடு இருக்கிறவர்கள் மறைந்து போகிறார்கள்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? அந்தப் பாவத்தை நானே செய்திருக்கிறேன்.

1972 தீபாவளிக்கு ஒரு வாரப் பத்திரிகைக்காகப் பேய்க்கதை ஒன்று எழுதினேன். எனக்கு அப்போது எழுத்து என்றால் வேகம். விவேகம் வேறு ஒருநாள் வரட்டும் என்று இருந்த வயசு. ஊரின் பெயரை மாற்றினேன். ஆனால் வீட்டை மாற்றவில்லை. லால்பேட்டையில் ஏரிப் பக்கம் போகிற தெரு ஒன்றில் நான் தினம் பார்த்த வீடு அது. நீல நிற ஜன்னல், வாசலில் ஒரு பக்கமாகச் சாய்ந்த முருங்கை மரம், கொல்லையில் சகடை இல்லாத கிணறு என்று எல்லாவற்றையும் அப்படியே இறக்கிவிட்டேன். கிணற்றில் ஒரு பெண் விழுந்து செத்ததாகவும், சாயங்காலத்துக்கு மேல் அந்த நீல ஜன்னலில் அவள் முகம் தெரிவதாகவும் எழுதினேன். கதை நன்றாயிருக்கிறது என்று கடிதங்கள் வந்தன. நானும் தலைகால் தெரியாமல் திரிந்தேன்.

அந்த வீட்டில் ஓர் அம்மாள் இருந்தாள். புருஷனை இழந்தவள். பலகாரம் சுட்டு விற்றுப் பிழைத்தாள். சாயங்காலத்தில்தான் அவளுக்கு வியாபாரம். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் ஜன்னலண்டை நின்று வாங்கித் தின்பார்கள். பத்திரிகை ஊருக்குள் கைமாறிக் கைமாறிப் போயிருக்கிறது. யாரோ வீட்டை அடையாளம் கண்டு சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து, வெற்றிலை வாங்கப் போன என்னைத் தெருவில் நிறுத்தினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படித் திட்டியிருந்தால் இத்தனை வருஷத்தில் மறந்திருப்பேன்.

"தம்பி, அந்தக் கதை எழுதினது நீதானாமே? நான் இன்னும் சாவலையே! அதுக்குள்ளே என்னை எதுக்குப் பேயாக்கினே?" என்று கேட்டாள். நிஜமாகவே காரணம் தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போலக் கேட்டாள்.

"கற்பனைதானே அம்மா" என்று நான் முணுமுணுத்தேன்.

"கிணத்துல யாரு விழுந்தா? சொல்லேன். நான் அந்த வீட்டுக்கு வந்து இருபது வருஷம் ஆச்சு. ஒருத்தரும் விழலியே."

பதில் இல்லை என்னிடம். மறு வருஷம் அவள் வீட்டைக் காலி செய்துகொண்டு தன் தமையன் வீட்டுக்குப் போய்விட்டாள். என் கதைதான் காரணம் என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு யாரும் சொல்ல வேண்டியதும் இல்லை. அந்தக் கதையை என் தொகுதி எதிலும் நான் சேர்க்கவில்லை.

நம்முடைய பேய்களை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் பெண். அதிலும் கெடுக்கப்பட்டவள், கொல்லப்பட்டவள், கைவிடப்பட்டவள். உயிரோடு இருந்தபோது அவளுக்கு ஒரு பேச்சுப் பேச இடம் கொடுக்காதவர்கள் செத்த பிறகு அலற மட்டும் இடம் கொடுக்கிறார்கள். அலறல் முடிந்ததும் மந்திரவாதி வந்து அடக்குகிறான், கொட்டகையில் கைதட்டல். கொன்றவனைக் கண்டு பயப்பட வேண்டிய நாம் செத்தவளைக் கண்டு பயப்படுகிறோம். இதைவிட வசதியான ஏற்பாடு கொலைகாரனுக்கு வேறு என்ன வேண்டும்? எல்லாரும் இப்படி என்று நான் சொல்லமாட்டேன். 2009-இல் வந்த 'ஈர'த்தில் இறந்தவள் தண்ணீராக வருகிறாள்; நனைந்த தரையே நம்மைக் கலங்க அடிக்கிறது. 2014-இல் வந்த 'பிசாசு' படத்தில் பேய்தான் வீட்டைக் காக்கிறது. அந்த டைரக்டர்கள் யோசித்தவர்கள்.

மாணவர்களுக்கு முன்மாதிரி வேண்டும் என்றால் அதற்கும் இங்கே பஞ்சமில்லை. திரைப்படக் கல்லூரியில் பயின்ற இளைஞர்கள் கூடி 1986-இல் 'ஊமை விழிகள்' எடுத்தார்களே! ஆபாவாணன் எழுதித் தயாரித்தார். அரவிந்தராஜ் டைரக்ட் செய்தார். பெண்கள் காணாமற்போகிற அந்தப் படம் கொட்டகையை நடுங்க வைத்தது. அதில் பேய் எங்கே இருக்கிறது? காணாமற்போனவளைத் தேடுகிற ஒரு பத்திரிகை ஆபீஸ் இருக்கிறது. அதற்கும் முன்னால், 1954-இல் எஸ். பாலசந்தர் 'அந்த நாள்' எடுத்தபோது ஆரம்பத்திலேயே கதாநாயகனைச் சுட்டு வீழ்த்திவிட்டார். பாட்டே இல்லாத படம் அது. இன்னும் சொல்லப்போனால், புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' தூக்கம் வராத ஓர் எழுத்தாளனின் ராத்திரியில் ஆரம்பிக்கிறது. அந்த வீட்டுக்கு வந்து சேருகிற பெண் பேய்தானா என்று கடைசிவரை அவர் அடித்துச் சொல்லவே இல்லை.

பயங்கரப் படங்களுக்கெல்லாம் தலைவாசல் என்று கொண்டாடுகிறார்களே, ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960), அது எங்கே ஆரம்பிக்கிறது? இருளடைந்த பங்களாவிலா? இல்லை. ஃபீனிக்ஸ் என்று ஊர்ப் பெயர், வெள்ளிக்கிழமை, டிசம்பர் 11, பிற்பகல் 2 மணி 43 நிமிஷம் என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டு, நல்ல வெயிலில் ஒரு ஹோட்டல் அறைக்குள் நுழைகிறது காமிரா. அங்கே ஒரு பெண்ணும் அவள் காதலனும் பணம் இல்லாததால் கல்யாணம் தள்ளிப்போகிறதே என்று மனசு நொந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவுதான். கடனும் கல்யாணமும் நமக்குப் புரிகிற விஷயம். அந்தப் பெண்ணோடு நாமும் நடக்க ஆரம்பித்துவிடுகிறோம். பிறகு அவளுக்கு நேருவது நமக்கு நேருகிறது. முதல் காட்சியிலேயே குளியலறைக் கத்தியைக் காட்டியிருந்தால் நமக்கென்ன, யாரோ ஒருத்தி!

இதைச் சொல்லிவிட்டு அந்தப் பிள்ளைகளிடம் கேட்டேன்: "இதே வீராணத்துக் கரையில் ஆரம்பிக்கிற கதை ஒன்று தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு இருக்கிறதே, அதை உங்கள் நோட்டில் ஏன் சேர்க்கவில்லை?" மூவரும் விழித்தார்கள். பட்டணத்துப் பையன்தான் முதலில் கண்டுபிடித்தான். "பொன்னியின் செல்வனா? அது பேய்க்கதை இல்லையே ஐயா!"

பேய்க்கதை இல்லை. ஆனால் அச்சத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல பாடம் இல்லை. 1950-இல் கல்கி அதைத் தொடங்கினார். ஆடிப் பதினெட்டு. ஏரி நிறையத் தண்ணீர். கரை நிறைய ஜனங்கள். பெண்கள் பாடுகிறார்கள், சித்திரான்னம் சாப்பிடுகிறார்கள். குதிரைமேல் ஓர் இளைஞன் மதகுகளை எண்ணி வியந்துகொண்டு வருகிறான். வாசகனுக்கு அந்தக் கூட்டத்தில் தானும் ஒருவனாக இருக்கக் கூடாதா என்று ஏக்கம் வருகிறது. அந்தச் சமயத்தில்தான் பழுவேட்டரையரின் பனைமரக் கொடி தென்படுகிறது. கூட்டம் கலைந்து ஒதுங்குகிறது. சந்தோஷமாக இருந்த ஜனங்கள் ஒரு கொடியைக் கண்டு ஒதுங்குகிறார்கள் என்றால், அந்தக் கொடிக்கு உடையவன் எப்படிப்பட்டவன் என்ற கேள்வி நம் வயிற்றில் போய் உட்கார்ந்துகொள்ளுகிறது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஓர் அலறல் இல்லை. ஐந்து பாகம் நம்மை இழுத்துக்கொண்டு போவதற்கு அந்தக் கேள்வி போதுமானதாக இருந்தது. சரித்திரம் சரியா தப்பா என்று கல்கியிடம் சண்டை போடுகிறவர்கள் போடட்டும். அந்த முதல் அத்தியாயத்தில் அவர் ஜனங்களை முதலில் நிறுத்தினார், பயத்தைப் பின்னால் அனுப்பினார். நம் பிள்ளைகள் கரையில் ஜனங்களே இல்லாமல் பயத்தை மட்டும் நிறுத்தப் பார்க்கிறார்கள்.

"அப்படியானால் லால்பேட்டை ஜனங்கள் எதற்குத்தான் பயப்படுகிறார்கள்?" என்று கேட்டாள் அந்தப் பெண். இதுதான் ஆராய்ச்சியின் முதல் கேள்வி. ஆறு வாரத்துக்குப் பிறகாவது பிறந்தது. "என்னைக் கேட்காதே. ஐப்பசி பிறக்கட்டும், அங்கே போய்க் கேள்" என்றேன். போகும்போது என்னையும் இழுத்துக்கொண்டு போவார்கள் என்று அப்போது நினைக்கவில்லை.

வீராணம் 10-ஆம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்து ஏரி. ஒன்பது பத்து மைல் நீளம். கீழணையிலிருந்து வடவாறு தண்ணீர் கொண்டுவந்து சேர்க்கிறது. ஏரியின் முழு அளவு 47.50 அடி, கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. 2004-ஆம் வருஷம் முதல் சென்னைக்கும் குழாய் வழியாக இங்கிருந்து குடிதண்ணீர் போகிறது. அந்தக் குழாய்க்கும் ஒரு பூர்வ கதை உண்டு. பல வருஷங்களுக்கு முன்பே அந்தத் திட்டத்தை ஆரம்பித்து நடுவில் விட்டுவிட்டார்கள். ராட்சதக் குழாய்கள் சாலையோரத்தில் வருஷக்கணக்கில் கிடந்தன; வீடில்லாத ஜனங்கள் அவற்றுக்குள் குடித்தனம் செய்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பேய்ப் படம் எடுக்கிறவர்களுக்கு அந்தக் குழாயின் இருட்டு வாய் ஒன்று போதாதா என்று இப்போது தோன்றுகிறது. இருக்கட்டும், விஷயத்துக்கு வருகிறேன். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீரை லால்பேட்டையில் உள்ள மதகு வழியாக வெள்ளியங்கால் ஓடையில் விடுவார்கள். ஓடையின் இருபுறமும் வயல், வயலை அடுத்து வீடுகள். 2015-ஆம் வருஷத்து மழையில் கடலூர் ஜில்லா பட்ட பாடு ஊரறிந்த சங்கதி.

சென்ற ஐப்பசிக் கடைசியில் நாங்கள் நால்வரும் அந்த மதகண்டை போய்ச் சேர்ந்தோம். மூன்று நாள் மழை பெய்து விட்டிருந்தது. இஷா தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்து வெகு நேரம் ஆகியிருந்தது. கரையின்மேல் சேத்தியாத்தோப்புப் பக்கமிருந்து எப்போதாவது ஒரு பஸ் வரும். அதன் வெளிச்சம் போனதும் இருட்டு முன்னைவிடக் கனமாகிவிடும். தவளைச் சத்தம். கரைக்கல்லில் தண்ணீர் மோதுகிற சத்தம். மதகு லஸ்கர் டார்ச்சு அடித்து அளவுகோலைப் பார்த்துவிட்டு, "46 தாண்டியாச்சு" என்றார். கரையிலிருந்து பார்க்கலாம், மதகின்மேல் மட்டும் ஏறக்கூடாது என்று எங்களுக்கு அவர் உத்தரவு.

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பிறகு பட்டணத்துப் பையனுக்குப் பொறுக்கவில்லை. மூங்கில் கழியில் பாட்டரி விளக்கு ஒன்றைக் கட்டி, காமிராவுக்கு இருட்டு எப்படிப் பதிகிறது என்று சோதிப்பதற்காக ஓடைப் பக்கம் திருப்பிப் போட்டான். வெள்ளை வெளிச்சம் தண்ணீரில் விழுந்து எதிர்க்கரை தென்னைகள்வரை போயிற்று. பார்க்க அழகாகத்தான் இருந்தது. லஸ்கர் அப்போது தம் கொட்டகைக்குள் இருந்தார்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஓடைக்கரை வழியாக மோட்டார் சைக்கிள்கள் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக நாலைந்து. பின்னாலேயே சைக்கிளிலும் நடந்தும் ஆட்கள். யார் கையிலும் தடி இல்லை, சண்டைக்கு வந்தவர்கள் இல்லை. முகத்தைப் பார்த்தபோது எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது. முன்னால் வந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "மதகைத் தொறக்கிறாங்களா?" என்று கேட்டார். இன்னொருவர், "எத்தனை மணிக்குன்னு மட்டும் சொல்லிடுங்க, மாட்டை அவுக்கணும்" என்றார். அர்த்தராத்திரியில் மதகில் வெளிச்சம் தெரிந்தால் அவர்களுக்கு ஒரே அர்த்தம்தான்.

லஸ்கர் ஓடிவந்து விளக்கை அணைக்கச் சொன்னார். தண்ணீர் திறக்கவில்லை, திறப்பதாக இருந்தால் முன்கூட்டியே தகவல் வரும் என்று நாலு தரம் சொன்னார். முதல் மூன்று தரம் அவர்கள் நம்பவில்லை.

கடைசியாக வந்தவள் ஐம்பது வயசுக்கு மேற்பட்ட ஓர் அம்மாள். நடந்தே வந்திருந்தாள். அவள் தோளில் மஞ்சள் பை ஒன்று. பிளாஸ்டிக் தாளில் சுற்றிச் சணலால் கட்டிய பொட்டலம் அதற்குள் தெரிந்தது. ரேஷன் கார்டு, பட்டா, பேத்தியின் பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட் எல்லாம் அதில் இருக்கின்றன என்றாள். மழைக்காலம் முழுவதும் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாளாம்.

"நீங்கள்லாம் யாரு?" என்றாள்.

டைரக்டர் பெண்ணுக்கு நாக்கு எழவில்லை. லால்பேட்டைப் பையன்தான் சொன்னான்: "படம் எடுக்க வந்தோம்மா. பேய்ப் படம்."

அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். "பேய்க்கு எதுக்குப்பா மதகுல வெளக்கு?" என்றாள். பையைத் தோளில் சரிப்படுத்திக்கொண்டு, வந்த வழியே இருட்டில் இறங்கிப் போனாள்.

காமிரா ஓடவில்லை. இதில் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. அதைப் பற்றி அந்தப் பிள்ளைகள் வருத்தப்பட்டதாகவும் எனக்குத் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு, 'கிழவனார் கலைஞனுக்குக் கால்கட்டுப் போடுகிறார், சென்ஸார் வேலை பார்க்கிறார்' என்று சிலர் எழுதுவார்கள். எழுதட்டும். பேய் கூடாது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. எனக்குப் பேய் பிடிக்கும். நல்ல பேய்க்கதை கிடைத்தால் சாப்பாட்டை மறந்து படிப்பேன். கும்பலாகப் போய் ஓர் ஊரின் சுவரையும் மினாராவையும் கிணற்றையும் இரவல் எடுத்து அதன்மேல் அசலூர்ப் பயத்தை ஒட்டாதீர்கள் என்றுதான் சொல்லுகிறேன். அதற்குச் சட்டம் வேண்டாம், போலீஸ் வேண்டாம். கரையில் ஒரு ராத்திரி உட்கார்ந்தால் போதும். பரீட்சை வைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: மாணவர்கள் எத்தனை படம் பார்த்தார்கள் என்று கேட்கிறீர்களே, எத்தனை பேரிடம் பேசினார்கள் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

ஆரம்பக் காட்சி இப்போது மாறிவிட்டதாம். திரையில் முதலில் ஊர்ப் பெயரும் மணியும். பாங்கு நேராகவே ஒலித்து முடிகிறது. அந்தப் பையன் அதில் பிடிவாதமாக இருக்கிறான். பிறகு தண்ணீர்ச் சத்தம். அளவுகோல். லஸ்கர் கொட்டகையில் டெலிபோன் மணி அடிக்கிறது. எடுப்பதற்கு ஆள் இல்லை. வெள்ளைத் துணிப் பெண்ணை நீக்கிவிட்டார்கள். ஆனால் பட்டணத்துப் பையன் இன்னும் சமாதானம் அடையவில்லை. ஒரு பேயாவது இல்லாவிட்டால் மார்க்கு விழாது என்கிறான். வாரத்துக்கு ஒரு முறை எனக்கு டெலிபோன் செய்து, எதிர் முனையில் பேசுவது பேயாக இருக்கலாமா என்று கேட்கிறான். இருக்கலாம், ஆனால் அது எந்தத் தெருவில் குடியிருந்தது, அதற்கு என்ன வேண்டும் என்று எழுதிக் கொண்டுவா என்று சொல்லியிருக்கிறேன். இதுவரை வரவில்லை.

பரீட்சை சித்திரையில். லஸ்கராக நடிப்பதற்கு அந்த நிஜ லஸ்கரையே கேட்டிருக்கிறார்கள். ஏரியில் தண்ணீர் இருக்கிறவரையில் தமக்கு ராத்திரி ஒழியாது என்று அவர் சொல்லிவிட்டாராம்.